நிலாவெளிக் காணி: ஹோட்டலுக்கு விற்பதா, கெஸ்ட் ஹவுஸ் கட்டுவதா?

இலங்கையின் திருகோணமலைப் பக்கம், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையோரம் கொஞ்சம் காணி வைத்திருப்பவருக்கு முன்னால் இப்போது இரண்டு வழி. பெரிய ஹோட்டலுக்கு விற்கலாம், இல்லாவிட்டால் இரண்டு அறை கட்டி கெஸ்ட் ஹவுஸ் நடத்தலாம். ஊருக்குள் எந்தக் காசு தங்குகிறது என்று பார்த்தால், நான் கெஸ்ட் ஹவுஸ் பக்கம்.

காலையில் கரைவலையின் (கரையில் நின்று ஆட்கள் கயிற்றால் இழுக்கும் பெரிய வலை) மடி, அதாவது மீன் சேரும் பை, கரையேறும் நேரம் போய்ப் பாருங்கள். பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் அக்கா சட்டியோடு நிற்பார். பாரையோ விளைமீனோ துடிக்கத் துடிக்க வாங்கிப் போவார், காசு அங்கேயே கைமாறும். இடியப்பம் அவித்துக் கொடுக்கும் வீடு, ஓட்டோ ஓடும் தம்பி, கடலுக்குள் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் படகு விடுபவர் என்று அந்தக் காசு இன்னும் நாலு வீட்டுக்குப் போகும். பெரிய ஹோட்டலுக்கோ தினமும் ஒரே அளவில், பில்லோடு மீன் வேண்டும். கரைவலையில் இன்று நிறையும், நாளை வெறும் பாசி வரும். அதனால் ஹோட்டல் மீன் பெரும்பாலும் லொறியில்தான் வருகிறது.

சம்பளம் என்று வந்தால் ஹோட்டல்தான் மேல். மாதச் சம்பளம், சேவைக் கட்டணத்தில் பங்கு, ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) முதலாளி கட்டும் 12 வீதம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாலும், கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டும் பெண்ணுக்கு அந்த 12 வீதத்தைக் கட்டுகிறவர்கள் குறைவு. இதை நம்மவர்கள் திருத்தியே ஆகவேண்டும்.

அப்புறம் சீசன். மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல ஓட்டம், வாடைக்காற்று தொடங்கினால் அறைகள் காலி. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்தபோது, வங்கிக் கடனில் கட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. படகையும் வலையையும் விற்றுவிட்டு அறை கட்டாதீர்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது கரை போவதுதான். கரைவலை இழுக்க நீண்ட பாடு, அதாவது வலை இழுக்கும் கரைப்பகுதி, வேண்டும். இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடக்க வேண்டும். அந்த இடத்தில் சாய்வு நாற்காலியும் குடையும் வரிசையாக வந்துவிட்டால் ஒரு வேலைதான் போனது என்று இல்லை, வலையில் பங்கு வாங்கும் அத்தனை வீட்டு அடுப்பும் அணைகிறது. ஹோட்டலுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், விற்காமல் குத்தகைக்குக் கொடுங்கள். கடலுக்குப் போகும் பாதையையும் வாடி (மீனவர் குடில்) போடும் இடத்தையும் குத்தகை உறுதிப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.