எழுத்தை வாசித்துவிட்டு அச்சிடும் ஒரு கடையும் கான்சஸ் அணியின் ஐந்து பலகைகளும்

திருகோணமலை திருஞானசம்பந்தர் வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் சிறிய டிஜிட்டல் அச்சகம் ஒன்றில் 2024 ஒக்டோபரில் ஐந்து சுவர்ப் பலகைகள் செய்வித்தோம். மாலை வேளைகளில் நான் கூடைப்பந்தாட்டம் பழக்கும் பிள்ளைகள் உடைமாற்றும் அறைக்காக அவற்றைக் கேட்டிருந்தோம். ஐக்கிய அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணியின் வரலாறு அவற்றில் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பலகையும் நான்கு அடி அகலம், மூன்று அடி உயரம். ஸ்டிக்கரில் அச்சிட்டு, ஃபோம் பலகையில் ஒட்டி, மேலே பளபளப்பில்லாத லமினேற் தாள் இட்டுத் தந்தார்கள். சதுர அடிக்கு 550 ரூபாவாக மொத்தம் 33,000 ரூபா கொடுத்தோம். பிளெக்ஸ் துணியில் அடித்திருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் செலவாகியிருக்கும். கூடக் கொடுத்த காசு எதற்குப் போனது என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கும், தமிழில் நீண்ட எழுத்து அச்சிட வேண்டியிருக்கும் மற்றவர்களுக்கும் இந்த மதிப்புரை உதவும் என்று நம்புகிறேன்.

எத்தனையோ அணிகள் இருக்கக் கான்சஸ் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் என்றால் தொலைபேசித் திரையில் வரும் தொழின்முறை வீரர்கள் மட்டும்தான். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த மனிதரே பயிற்றுவித்த அணி ஒன்று இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதோடு, இந்த ஆட்டத்தை எங்கள் ஊரில் ஊன்றி வளர்த்தவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பிள்ளைகளைக் கூடைப்பந்தாட்டத்தில் பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமல் போனார். அவரிடம் பழகியவர்கள் இன்றும் எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வருகிறார்கள். கடல் கடந்து வந்த ஆட்டத்தின் வேரைத் தங்கள் மொழியிலேயே வாசிக்கும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு என்பது என் எண்ணம்.

அச்சகத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் தமிழ் எழுத்து. முன்பு வேறோர் இடத்தில் சுற்றுப்போட்டிக்குப் பதாகை அடித்தபோது கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. காலையில் கட்டி, மத்தியானத்துக்குள் அவிழ்த்துவிட்டோம். யூனிகோட்டில் தட்டச்சுச் செய்ததைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் அப்படியே ஒட்டினால் இதுதான் நடக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினாலும் இடையில் சில எழுத்துகள் விழுந்துபோகும். ஆகவே எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் ஒருவர் உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும். இந்தக் கடையில் அந்த ஒருவர் இருக்கிறார். வடிவமைப்புச் செய்யும் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் கொடுத்த பதினொரு பக்கங்களையும் என் முன்னாலேயே வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். சேம்பர்லேன் என்ற பெயரில் இரண்டு இடங்களில் இரட்டைக் கொம்பு இடம்மாறி நின்றதை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் வாசிக்கிறார் என்பது முதற் பலகையிலேயே உறுதியாயிற்று. ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், வை.எம்.சீ.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக 13 விதிகளுடன் இந்த ஆட்டத்தை அமைத்தார். 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து அதன் முதலாவது அணியைத் தொடங்கினார். 1899 பெப்ரவரியில் நடந்த முதல் ஆட்டத்தில் கான்சஸ் நகர வை.எம்.சீ.ஏ. அணியிடம் 16க்கு 5 என்று தோற்றார்கள். 1907 வரை நைஸ்மித் பயிற்றுநராக இருந்த காலத்தின் மொத்தக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. மறுநாள் அந்தத் தம்பி தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், அம்பத்தஞ்சும் அறுபதும் மாறி விழுந்திட்டுதோ? கண்டுபிடிச்ச ஆளே கூடத் தோத்திருப்பாரா? மாத்தி அடிக்கவா?”

மாற்ற வேண்டாம், அதுதான் சரி என்றேன். கான்சஸ் அணியின் முழு வரலாற்றிலும் வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாகப் பெற்ற ஒரே பயிற்றுநர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த நைஸ்மித்தான். அதைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் போடலாமா என்று கேட்டார். இப்போது அறைக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்த எண்கள்தான். கேளாமலே மாற்றி அடிக்கும் கடைகளை நான் கண்டிருக்கிறேன். பிழையை அப்படியே விட்டு அடிக்கும் கடைகளையும் கண்டிருக்கிறேன். சந்தேகம் வந்த இடத்தில் தொலைபேசியை எடுத்துக் கேட்ட கடை எனக்கு இது ஒன்றுதான்.

படங்களிலும் அதே கவனம் இருந்தது. புகைப்படங்களுக்கு உரிமைச் சிக்கல் வரும் என்பதால் கோட்டுப் படங்கள் போதும் என்று சொல்லியிருந்தேன். முதலில் வரைந்த பீச் பழக்கூடைக்கு அவர் அடியைத் திறந்துவிட்டிருந்தார். அக்காலக் கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்தது, பந்து விழுந்தால் ஒருவர் ஏறித்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னதும், கூடையின் அடியை மூடி, பக்கத்தில் ஓர் ஏணியையும் சாத்திவிட்டார். பந்தில் தையல் வேண்டும், அன்று ஆடியது உதைபந்தில்தான் என்பதையும் கேட்டுத் திருத்திக்கொண்டார்.

இரண்டாம் பலகை எனக்கு மிகவும் பிடித்தது; அதிகம் மினக்கெட்டதும் அதில்தான். நைஸ்மித்திடம் ஆடிய மாணவர் ஃபொரஸ்ட் அலன், 1907 முதல் 1909 வரையும் பின்னர் 1919 முதல் 1956 வரையும் கான்சஸ் அணியைப் பயிற்றுவித்தார். பேஸ்போல் நடுவராக நின்று கத்திய குரல், மூடுபனியில் கப்பல்கள் ஊதும் சங்கைப் போல இருந்ததால் அவருக்கு ‘ஃபொக்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. துறைமுகச் சங்கொலி கேட்டு வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தாட்டம் சேர்க்கப்பட முன்னின்று உழைத்தவர்களில் அலனும் ஒருவர். அங்கே அந்த ஆட்டத்தைத் தொடக்கிவைக்க முதிர்ந்த வயதில் நைஸ்மித்தும் போயிருந்தார். 1952இல் சென் ஜோன்ஸ் அணியை 80க்கு 63 என்று வென்று கான்சஸ் தன் முதலாவது என்.சீ.ஏ.ஏ. கிண்ணத்தை, அதாவது அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியக் கிண்ணத்தைப் பெற்றது. அந்த இறுதிப்போட்டியில் கிளைட் லவ்லெற் மட்டும் 33 புள்ளிகள் எடுத்தார். அந்த அணியில் அதிகம் ஆடாமல் வாங்கில் இருந்த டீன் ஸ்மித், பின்னாளில் வட கரோலினாவின் பயிற்றுநராக 879 வெற்றிகள் கண்டார். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு அலனிடம் ஆடிய அடொல்ஃப் ரப், கென்டக்கிக்கு 876 வெற்றிகள் தேடிக்கொடுத்தார். ஒரு பயிற்றுநரின் கைப்பிள்ளைகள் இருவர் இத்தனை உயரம் போனதை ஒரு குடும்ப மரமாக வரைந்து காட்ட வேண்டும் என்பது அந்தத் தம்பியின் யோசனை. நைஸ்மித் அடிமரம், அலன் நடுத்தண்டு, ரப்பும் ஸ்மித்தும் கிளைகள். பத்து வயதுப் பிள்ளைகூட அதைப் பார்த்துவிட்டு மனப்பாடமாகச் சொல்கிறது.

அதே பலகையின் கீழ்ப்பகுதியில் அலனின் பெயர் தாங்கிய மைதானம் இருக்கிறது. 1955 மார்ச் 1ஆம் திகதி திறக்கப்பட்ட அந்த மண்டபத்தில் பல ஆண்டுகளாக 16,300 பேர் இருந்து பார்க்க இடம் இருந்தது. உள்ளே உயரத்தில் தொங்கும் பதாகை ஒன்று, நுழைகிற எதிரணிகளை ‘ஃபொக்’ குறித்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பட்டப்பெயருக்கும் மூடுபனிக்கும் ஒலி ஒன்று. தமிழில் அந்தச் சிலேடை நிற்காது; ஆகவே பெயரை அப்படியே வைத்து, அடியில் ஒரு வரி விளக்கம் எழுதினேன். 1988இல் அதை முதன்முதலில் செய்தவர்கள் மாணவர்கள். விடுதியின் குளியலறைத் திரைச்சீலைகளில் எழுத்துத் தீட்டித் தொங்கவிட்டார்கள். பதாகை அடிப்பதையே தொழிலாகக் கொண்ட கடையில் இந்தக் கதையைச் சொன்னபோது, முதலாளி ஐயா லமினேற் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். அந்த வரியைப் பலகையில் கையெழுத்துப் போன்ற எழுத்திலேயே போடச் சொன்னவர் அவர்தான்.

மூன்றாம் பலகை வில்ற் சேம்பர்லேனுக்கு உரியது. உயரம் 7 அடி 1 அங்குலம். அலன் அவரைக் கான்சஸுக்கு அழைத்து வந்தார். ஆனால் முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அக்கால விதி. அந்த ஓராண்டு முடிவதற்குள் அலனுக்கு 70 வயதாகி, கட்டாய ஓய்வு வந்துவிட்டது. தான் தேடிக் கொண்டுவந்த மிகப் பெரிய வீரரைப் பிரதான அணியில் அவர் பயிற்றுவிக்கவே இல்லை. சேம்பர்லேன் தன் முதல் ஆட்டத்திலேயே நோர்த்வெஸ்டேர்ன் அணிக்கு எதிராக 52 புள்ளிகள் எடுத்தார். 1957 இறுதிப்போட்டியில், அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாத வட கரோலினா, ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவுக்கு அவருக்கு எதிரே ஆறடிகூட இல்லாத ஒருவரை நிறுத்தியது. மூன்று மேலதிக நேரங்கள் முடிந்தபோது 54க்கு 53 என்று ஒரு புள்ளியால் கான்சஸ் தோற்றது. அந்தப் பந்தெறிவைப் படமாக வரைந்ததோடு நில்லாமல், 7 அடி 1 அங்குலத்தில் ஒட்டச் சொல்லி ஒரு நீண்ட அளவுகோல் ஸ்டிக்கரையும் கடை இலவசமாகத் தந்தது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பயிற்சி முடிந்து போகிற ஒவ்வொருவனும் ஒருமுறை எம்பித் தொட்டுவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறான். கோட்டுக்குச் சற்றுக் கீழே சுவர்ப்பூச்சு இப்போதே அழுக்கேறிவிட்டது.

நான்காம், ஐந்தாம் பலகைகளில் பின்வந்த கிண்ணங்கள் இருக்கின்றன. 1988இல் பதினொரு தோல்விகளுடன் வந்த அணியை டனி மனிங் 31 புள்ளிகளும் 18 மீள்பந்துகளும் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்துக் கரைசேர்த்தார். 2008இல் மெம்பிஸுக்கு எதிராக 2.1 செக்கன் மிச்சமிருக்க மரியோ சால்மர்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தைச் சமப்படுத்தியது. 2022இல், ஹேபியர் அடிகளாரின் லூசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகரில், இடைவேளையில் 15 புள்ளிகள் பின்னால் இருந்த அணி வட கரோலினாவை 72க்கு 69 என்று வென்றது. இந்தப் பகுதியில் ஒரு சிறு விவாதமும் நடந்தது. தகுதியற்ற வீரர் ஒருவரை ஆடவைத்ததற்காக 2017–18 பருவத்தின் 15 வெற்றிகளும், அவ்வாண்டு இறுதி நான்கு அணிகளுக்குள் வந்த பெருமையும் 2023இல் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. பிள்ளைகள் பார்க்கிற பலகையில் இது எதற்கு என்று எங்கள் பெற்றோர் ஒருவர் கேட்டார். பிள்ளைகள் பார்க்கிற பலகை என்பதால்தான் வேண்டும் என்று நான் நின்றேன். கடையில் அந்த வரிக்கு இடம் ஒதுக்க, இரண்டு படங்களைச் சற்றுச் சிறிதாக்கிக் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. ஒரு கிழமையில் தருவதாகச் சொன்ன வேலைக்குப் பதினேழு நாள் பிடித்தது. லமினேற் தாள் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் திறப்பு நாளை மாற்றியிருப்போம். கான்சஸ் அணியின் நிறங்கள் செஞ்சிவப்பும் நீலமும். திரையில் நீலமாகத் தெரிந்தது முதல் அச்சில் கத்தரிப்பூ நிறமாக வந்தது. சொன்னவுடன் தகராறின்றி இரண்டு பலகைகளைக் காசு வாங்காமல் மறுபடி அடித்தார்கள், உண்மைதான். ஆனால் சிறு துண்டொன்றில் நிறத்தை அடித்துக் காட்டியிருந்தால் அந்தப் பொருட்சேதமே நேர்ந்திராது. இப்போது கேட்பவர்களுக்கு மாதிரித் துண்டு அடித்துக் காட்டுகிறார்களாம். நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.

பலகைகள் மாட்டிச் சில நாட்களிலேயே ஒரு திருத்தம் வந்தது. கான்சஸில் அதிக வெற்றி பெற்ற பயிற்றுநர் அலன், 590 என்று அச்சிட்டிருந்தோம். 2024 நவம்பர் 12ஆம் திகதி அணியின் அன்றைய பயிற்றுநர் பில் செல்ஃப் அதைத் தாண்டிவிட்டார். முழுப் பலகையையும் மாற்றச் சொல்வார்களோ என்ற யோசனையுடன் போனேன். அதே நிறத்தில் ஒரு வரி அகலத் துண்டு அடித்து, தம்பியே சைக்கிளில் வந்து, குமிழி விழாமல் ஒட்டிவிட்டுப் போனார். அதற்கு 300 ரூபாதான் வாங்கினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தாலன்றி ஒட்டு தெரியாது.

கடற்காற்று உப்பு எங்கள் ஊரில் எதையும் சும்மா விடுவதில்லை. ஒரு மாரி கடந்த பின் எழுத்து மங்கவில்லை, தாள் உரியவில்லை. நான்காம் பலகையின் ஒரு மூலை மட்டும் யன்னலோரம் இருந்ததால் சற்றுக் கிளம்பியது, அதைக் கடையில் மறுபடி அழுத்திக் கொடுத்தார்கள். கடையில் தரும் ஆணிகளை மட்டும் வாங்காதீர்கள். எங்களுடையவை மூன்று மாதத்தில் துருப்பிடித்து, நைஸ்மித்தின் கூடைக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. துருப்பிடிக்காத எவர்சில்வர் திருகாணி வாங்கி, தலைக்கு அடியில் றப்பர் வளையம் வைத்து மாட்டியபின் கோடு வரவில்லை.