பூமலையில் காடு பார்க்க: ஆர்க்கிட்டுக்கு முன் மழைக்காடு

சிங்கப்பூர்ப் பூமலைக்கு, அதாவது ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ எனும் தாவரவியல் தோட்டத்துக்கு, வருகிறவர்கள் பெரும்பாலும் ஆர்க்கிட் தோட்டத்திலும் அன்னக் குளத்திலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சுமார் 6 ஹெக்டேர் மழைக்காட்டைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு. 1859இல் தோட்டம் போடும் முன்பே அங்கே நின்ற காடு அது.

வாயில் காலை 5 மணிக்கே திறக்கும், கட்டணமில்லை. ஆனால் சூரியன் எழுவதே ஏறக்குறைய ஏழு மணிக்கு, மரங்களுக்கு அடியில் வெளிச்சம் இறங்க இன்னும் கொஞ்சம் ஆகும். வார நாளில் ஏழரைக்கு உள்ளே இருப்பது போல வாருங்கள். சனி ஞாயிறில் அமைதி கிடைக்காது. பலர் தவறுவது ரயிலில்: ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் தோட்டத்தின் வடகோடி, காட்டுக்கு நெடுநடை. நேப்பியர் நிலையத்தில் இறங்கி டாங்லின் வாயில் வழியாக பாண்ட்ஸ்டாண்ட் என்ற பழைய இசை மேடை இருக்கும் மேட்டுக்கு ஏறுங்கள். காடு அங்கிருந்து பக்கம்.

காட்டுப் பாதை சின்னது. வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முக்கால் மணி ஒதுக்குங்கள். ஓரிடத்தில் அசையாமல் நின்றால் மேலிருந்து பழத்துணுக்குகள் விழும், அண்ணாந்தால் அணில் தெரியும். பெரிய மரங்களின் பலகை வேர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள்: சத்து மேல்மண்ணில்தான் என்பதால் வேர் ஆழம் போகாமல் அகலப் பரவி மரத்தை முட்டுக்கொடுக்கிறது. பிரம்புக் கொடி சாட்டைபோல் நீண்டு தொங்கும், அதில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், துணிதான் கிழியும். ஓரடி பின்வாங்கினால் தானே கழன்றுகொள்ளும்.

குறைகளும் உண்டு. சாலை இரைச்சல் முழுதாக மறைவதில்லை. கொசு அதிகம், முழுக்கால்சட்டையும் கொசுத்தைலமும் வேண்டும். மழைக்குப் பின் தரை வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது.

தோட்டத்தின் டயர்சால் பக்கம் உள்ள ‘லேர்னிங் ஃபாரஸ்ட்’டில் தரையிலிருந்து 8 மீட்டர் உயரம் வரை எழும் 260 மீட்டர் நடைபாலம் நல்ல ஏற்பாடு, சக்கர நாற்காலிக்கும் தோது. ஆனால் நட்ட மரங்கள் இன்னும் இளசு, பழங்காட்டுக்கு ஈடாகாது.

நேரம் மிஞ்சினால் ஹோல்ட்டம் மாளிகை அருங்காட்சியகம். 1877இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த 22 ரப்பர் கன்றுகளின் கதை அங்கிருக்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பாலெடுக்கும் முறையை அப்போது தோட்ட இயக்குநராக இருந்த ரிட்லி இங்கேதான் செம்மைப்படுத்தினார். மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் பால்மரம் வெட்டியது, அதாவது ரப்பர் பால் எடுத்தது, அந்த முறையில்தான்.

இடி கேட்டாலோ காற்று வலுத்தாலோ உடனே வெளியேறுங்கள். 2017 பிப்ரவரியில் 270 ஆண்டு பழைய டெம்பூசு மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்த தோட்டம் இது. பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். காலையைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.