பச்சை இறைச்சிக்கு மாறும் நாய்: ஒரே நாளிலா, படிப்படியாகவா?

நாய்க்குப் பச்சை இறைச்சிதான் என்று முடிவெடுத்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். இன்று இரவோடு பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டு நாளை முதல் முழுக்க இறைச்சி என்பவர்கள் ஒரு பக்கம். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டிப் போகிறவர்கள் மறுபக்கம். என் ஓட்டு இரண்டாமவர்களுக்குத்தான்.

உலர் தீனியும் பச்சை இறைச்சியும் வெவ்வேறு வேகத்தில் செரிக்கும், கலந்தால் வயிறு கெடும் என்பது முதல் கட்சியின் முக்கிய வாதம். இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நம் ஊர் நாய்கள் சோற்றையும் மீன் தலையையும் ஒன்றாகத் தின்றுதானே வளர்ந்தன? திடீர் மாற்றத்தால் வரும் வயிற்றுப்போக்குதான் கண்கூடு. தோலும் கொழுப்புமாக ஒரேயடியாகத் தின்றால் சில நாய்களுக்குக் கணைய அழற்சியே வரலாம். அது உயிருக்கே உலை வைக்கும். திடமான இளம் நாய் சமாளித்துவிடக்கூடும். வயதான நாயிடம் அந்தப் பரீட்சை வேண்டாம்.

படிப்படியாகப் போனால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். முதலில் தோலில்லாத கோழிக்கறி மட்டும். அது பழகிய பிறகு எலும்பு, கடைசியில் ஈரல். ஈரல் மொத்த உணவில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வைட்டமின் ஏ மிகுந்துவிடும். தினமும் மலத்தைப் பாருங்கள். வெளுத்துப் பொடியாக உதிர்ந்தால் எலும்பு அதிகம். இளகிப் போனால் பெரும்பாலும் கொழுப்போ ஈரலோ கூடிவிட்டது. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு: 20 கிலோ நாய்க்கு 400 முதல் 600 கிராம். குட்டிகளுக்கு இது பொருந்தாது. வெறும் இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு என்பதால், அதையே தின்று வளரும் குட்டிக்குக் கால் வளைந்துவிடும்.

எந்த வழியில் போனாலும், பச்சை இறைச்சியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமியின் ஆபத்து ஒரே மாதிரிதான். ஃப்ரீசர் அதைக் கொல்லாது. நாய் தெம்பாகவே திரியும், அதன் மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் கடையில் மணிக்கணக்காகத் தொங்கிய கறி என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே சமைக்காத இறைச்சி வேண்டாம் என்ற நிலைப்பாட்டை எடுத்துவிட்டது. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ இருக்கும் வீடு என்றால் இரண்டு கட்சியையும் விட்டுவிட்டு, வேகவைத்த கறியையே கொடுங்கள் என்பேன். அப்போது எலும்பை முழுக்க எடுத்துவிட வேண்டும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். எலும்போடு கால்சியமும் போய்விடுவதால், எதை எவ்வளவு சேர்ப்பது என்று நாயின் எடையையும் வயதையும் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.