மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் எடைமேடையில் ஏற்றுங்கள்

கடந்த ஆகஸ்ட் மாதம், எம்6 நெடுஞ்சாலைக்கு அருகே இருந்த ஒரு வாகனச் சோதனைத் தளத்தில், கொட்டும் மழைக்குள் நின்றுகொண்டு நூறு லீட்டர் குடிதண்ணீரை நிலத்தில் திறந்துவிட்டேன். பிள்ளைகள் இருவரும் தங்கள் சைக்கிள்களை இறக்கி வேலியில் சாய்த்தார்கள். மனைவி பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். 74 வயதான என் அம்மா, அதிகாரிகளின் கூடாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்ற கவலையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி 47 நாட்களே ஆன எங்கள் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வாகனம், அனுமதிக்கப்பட்ட உச்ச எடையை விட 200 கிலோ கூடுதலாக இருந்தது.

இதை எழுதுவதற்கு ஒரே காரணம்தான். பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களில் பலர் இப்போது மோட்டார்ஹோம் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறார்கள். ஹோட்டல் செலவு மிச்சம், நம் சாப்பாட்டை நாமே சமைக்கலாம், வயதான பெற்றோரையும் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எந்த அளவு வாகனம் வாங்குவது என்று நான்கு மாதம் யோசித்தேன். ஆனால் அளவு என்றால் நீளம் என்றும் படுக்கை எண்ணிக்கை என்றும் மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். என் அறியாமை விற்பனையாளருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். நான் 2006ஆம் ஆண்டு இங்கே கார் ஓட்டும் தேர்வில் தேறியவன். 1997 ஜனவரி 1க்கு முன்பு தேறியவர்களுக்குப் பொதுவாக 7,500 கிலோ வரையான வாகனத்தை ஓட்ட சி1 அனுமதி இருக்கிறது. அதற்குப் பின் வந்த என் போன்றவர்களுக்குச் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தில் 3,500 கிலோதான் எல்லை. இந்த இரண்டையும் விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு 7.2 மீட்டர் வாகனத்தைக் காட்டினார். 2017ஆம் ஆண்டு தயாரிப்பு. ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒன்று, நடுவில் மேசையை மடித்தால் இன்னொன்று. ஆறு பேர் படுக்கலாம், ஐந்து பேருக்கு இருக்கைப் பட்டி இருக்கிறது. விலை 41,500 பவுண். "உங்கள் அனுமதிப்பத்திரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது, 3,500 கிலோதான். 460 கிலோ ஏற்றலாம். ஐந்து பேரும் ஒரு மாதம் சுற்றிவிட்டு வரலாம்" என்றார். தயாரிப்பாளரின் விவரக் கையேட்டையும் காட்டினார். அதில் 460 என்றுதான் அச்சிட்டிருந்தது.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது என் முன்னால் நின்ற வாகனத்தின் எண்ணும் இல்லை. ஏமாற்று அங்கேதான் இருந்தது.

உச்ச எடை 3,500 கிலோ என்பது வாகனம், மனிதர், பொருள் எல்லாம் சேர்ந்த மொத்தம். இதிலிருந்து வாகனத்தின் 'ஓடுநிலை எடை'யை, அதாவது ஓடத் தயாராக நிற்கும்போது உள்ள எடையை, கழித்தால் வருவதே பேலோட், அதாவது நாம் ஏற்றக்கூடிய சுமை. என் வாகனத்துக்குக் கையேட்டில் ஓடுநிலை எடை 3,040 கிலோ. ஓட்டுநர் 75 கிலோ என்று வைத்து அவரையும், டீசலையும், தண்ணீரையும் அதில் சேர்த்திருப்பார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டி முழுதாக நிறைந்திருக்கும் என்று பல தயாரிப்பாளர்கள் கணக்கிடுவதில்லை. என் வாகனத்தில் நூறு லீட்டர்த் தொட்டிக்கு இருபது லீட்டர் மட்டுமே கணக்கில் இருந்தது. தொட்டியை நிரப்பியதும் 80 கிலோ போய்விட்டது. ஓட்டுநரைத் தவிர மற்ற எல்லோரும் பேலோடில்தான் வருவார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா: 213 கிலோ. நான் 84 கிலோ, ஆகவே அதில் இன்னும் ஒன்பது.

அடுத்ததுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. முந்தைய உரிமையாளர் அதில் பக்கவாட்டுப் பந்தல், சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, டிஷ் அன்டெனா, பின்புறச் சைக்கிள் தாங்கி, இழுவைக் கொக்கி என்று வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தார். விற்பனையாளர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டி, "இதெல்லாம் உங்களுக்கு இலவசம்" என்றார். இவை சேர்ந்து ஏறத்தாழ 120 கிலோ. கையேட்டின் 460 கிலோ இவை எதுவும் இல்லாத வெற்று வாகனத்துக்குரியது. தினமும் இவற்றை விற்பவருக்கு அது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. "எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அது தொலைவில் இருக்கிறது, லொறிக்காரர்களுக்குத்தான் அது தேவை" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். 213, 9, 120, 80. மொத்தம் 422. 460இல் மிஞ்சுவது 38 கிலோ. ஐந்து பேரின் உடுப்பு, போர்வை, பாத்திரம், அரிசி, பருப்பு, நாற்காலி, மேசை, சைக்கிள், இரண்டாவது எரிவாயு சிலிண்டர் எல்லாவற்றுக்கும் 38 கிலோ. நாங்கள் ஏற்றியிருந்தது 240 கிலோவுக்குக் குறையாது. பிறகு வீட்டில் குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தேன்.

இன்னும் ஒன்று. கையேட்டில் சொல்லும் ஓடுநிலை எடையிலிருந்து உண்மையான வாகனம் 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஐரோப்பிய விதிமுறையே இடம் கொடுக்கிறது. 3,040 கிலோவில் அது 152 கிலோ. சாமான்களுக்கு ஒதுக்க வேண்டிய குறைந்தபட்ச எடைக்கும் ஒரு சூத்திரம் உண்டு: ஆட்களின் எண்ணிக்கையோடு நீளத்தை மீட்டரில் கூட்டிப் பத்தால் பெருக்க வேண்டும். ஐந்து பேருக்கு, 7.2 மீட்டருக்கு, 122 கிலோ. ஒரு குடும்பம் இரண்டு கிழமை வாழ அது எப்படிப் போதும்?

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. முதல் பயணத்தில் பெட்ரோல் நிலையத்தை விட்டு வெளியேறும்போது வாகனத்தின் வால் தரையில் உரசியது. ஈரப் புல்வெளிச் சரிவில் முன் சக்கரங்கள் பிடிமானம் இல்லாமல் சுழன்றன. பின் அச்சுக்கு, அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் தண்டுக்கு, அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பாரம் ஏற ஏற, அது நெம்புகோல் போல முன்புறத்தைத் தூக்குகிறது. இழுப்பதும் திரும்புவதும் முன் சக்கரம் என்பதால் அது ஆபத்து.

எம்6 அருகே எடுத்த அளவு இது: முன் அச்சு 1,620, பின் அச்சு 2,080, மொத்தம் 3,700. பின் அச்சுக்கு அனுமதி 2,000 மட்டுமே. ஆக மொத்தத்திலும் மீறல், அச்சிலும் மீறல். அந்த அதிகாரி மரியாதையானவர். 100 பவுண் தண்டம் எழுதினார், கூடுதல் எடையை இறக்காமல் நகர முடியாது என்றார். தண்ணீரைத் திறந்துவிட்டு, மற்றதை இறக்கினோம். மான்செஸ்டரில் இருந்து மச்சான் இரண்டு மணி நேரத்தில் வந்து பொருட்களை எடுத்துப் போனார். அதுவரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி ஏற்றியபோது முள் 3,500இல் நின்றது. ஸ்கொட்லாந்துக்குப் போகும் மனம் யாருக்கும் இருக்கவில்லை. வீடு திரும்பினோம்.

விற்பனையாளரிடம் போனேன். "வாகனத்தில் பழுது எதுவும் இல்லை, நீங்கள்தான் அதிகம் ஏற்றியிருக்கிறீர்கள்" என்றார். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் விவரித்தபடி இல்லாவிட்டால் முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். எனக்கு அந்த 30 நாள் கடந்துபோயிருந்தது. அதற்குப் பின்னும் வழிகள் உண்டு, ஆனால் அவர் வாய்மொழியாகச் சொன்ன "ஐந்து பேர், ஒரு மாதம்" என்பதற்கு என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டியிருந்தேனே என்று வங்கியைக் கேட்டேன். வியாபாரி தவறினால் கடன் அட்டை வங்கியையும் பொறுப்பாக்கும் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு 30,000 பவுணுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குக் கிடையாது. என் வாகனம் 41,500.

கடைசியில் விற்பனையாளர் ஒரு "தீர்வு" சொன்னார். உச்ச எடையைக் காகிதத்தில் 3,850ஆக உயர்த்திக்கொள்ளலாமாம். அப்படி உயர்த்துவது சட்டப்படி சரியான வழிதான், பலர் செய்கிறார்கள். ஆனால் உயர்த்திய மறுநிமிடமே என் அனுமதிப்பத்திரத்தில் அதை ஓட்ட முடியாது. அனுமதி பார்ப்பது வாகனத்தின் பதிவான உச்ச எடையை. நான் 2006இல் தேறியவன் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னார்.

எடையைத் தவிர, அந்த அளவு எங்களுக்குப் பொருந்தவும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு மேல்படுக்கை ஏணி முடியாது. அதனால் அவருக்கு நடுப்படுக்கை. ஒவ்வொரு இரவும் மேசையை மடித்து, மெத்தைகளை அடுக்கி, காலையில் திரும்ப எடுத்து வைக்க வேண்டும். பின்னால் படுப்பவர் இரவில் கழிவறைக்குப் போக அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு பேர் படுக்கலாம் என்பதும் ஆறு பேர் வாழலாம் என்பதும் எவ்வளவு தூரம் என்பது மூன்றாம் இரவில் தெரிந்தது. கோர்ன்வோலின் வேலி நெருக்கும் ஒற்றையடிச் சாலைகளில், எதிரே டிராக்டர் வந்தால் 7.2 மீட்டரைப் பின்னோக்கி எடுப்பது சிறிய விஷயமில்லை. வாங்குவதற்கு முன் அதே நீளமுள்ள ஒன்றை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்திருந்தால், ஒரு நாளில் தெரிந்திருக்கும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். கதவோரம் அல்லது எஞ்சின் பக்கம் ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் நான்கு எண்கள்: உச்ச எடை, இழுவையோடு மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டீசல் நிரப்பிய அதே வாகனத்தை எடைமேடையில் ஏற்றி, சீட்டைக் கையில் தரச் சொல்லுங்கள். பொது எடைமேடைகளின் விவரத்தை உங்கள் உள்ளூராட்சி மன்றத்தில் கேட்கலாம், கட்டணம் சிறிய தொகைதான். விற்பவர் மறுத்தால் வேறு இடம் பாருங்கள். "எங்கள் ஐந்து பேருக்கும் இவ்வளவு சாமானுக்கும் இது போதும்" என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். குடும்பத்தினரையும் தராசில் ஏற்றுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஐந்து பேருக்கு, நீண்ட பயணத்துக்கு, 3,500 கிலோவுக்குள் ஒரு வாகனம் கிடைப்பது மிகக் கடினம் என்பது இப்போது என் உறுதியான எண்ணம். அதை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை.

வாகனத்தை அக்டோபரில் வேறொருவருக்கு 34,000 பவுணுக்கு விற்றேன். எடைமேடைச் சீட்டைக் காட்டித்தான் விற்றேன். வாங்கியது ஒரு வயதான தம்பதி, அவர்கள் இருவருக்கும் அது தாராளம். எனக்கு நட்டம் 7,500 பவுண்.

போன சனிக்கிழமை இன்னொன்றைப் பார்க்கப் போனேன். 6.5 மீட்டர், ஐந்து இருக்கைப் பட்டி. எடைமேடை என்றதும் விற்பவர் மறுவார்த்தை பேசாமல் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். டீசல் நிரம்பி, நான் ஓட்டுநர் இருக்கையில் இருக்க, தண்ணீர்த் தொட்டி காலியாக, 3,160 காட்டியது. மீதி 340. குடும்பத்துக்கு 213, தண்ணீருக்கு 100. கணக்கை அவருக்கு முன்னாலேயே எழுதினேன். "27 கிலோ, உங்களுக்கு இது சரிவராது" என்று அவரே சொன்னார். கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை சி1 தேர்வுக்கான மருத்துவப் படிவத்துக்காக மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.