ஈரோட்டில் ஒரு ரயில்வே தேர்வு வகுப்பு: தொலைவு, வேகம், நேரம்

ஈரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் ரயில்வே தேர்வு வகுப்புக்கு மூன்று மாதமாக ஞாயிறுதோறும் சென்று வருகிறேன்; அங்கே தொலைவு, வேகம், நேரம் பற்றிய கணக்குகளை நடத்தும் விதத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் சூத்திரத்தை எழுதுவதற்கு முன்பே, கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய் 40 கி.மீ. வேகத்தில் திரும்பும் காரின் சராசரி வேகத்தைக் கேட்டார். வகுப்பே 50 என்றது. "மெதுவா வர்றப்ப நேரம் அதிகமாகுதுங்களே, அதை யாருங்க கணக்குல சேர்க்கறது?" என்று சிரித்துவிட்டு, மொத்தத் தொலைவான 200 கி.மீட்டரை மொத்த நேரமான 4 மணி 10 நிமிடத்தால் வகுத்து 48 என்று காட்டியபோதுதான், இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கும் என் பழக்கம் இதுவரை எத்தனை மதிப்பெண்ணைத் தின்றிருக்கும் என்று உறைத்தது.

குறை, அவர்கள் தரும் பயிற்சித்தாளில் இருக்கிறது. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் 150 மீட்டர் ரயில், 300 மீட்டர் நடைமேடையைக் கடக்க 20 வினாடி என்று விடை போட்டிருந்தார்கள். மணிக்கு கி.மீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்ற 54-ஐ 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 15 மீட்டர். ரயிலின் நீளத்தையும் சேர்த்தால் 450 மீட்டர், ஆகவே 30 வினாடி. சுட்டிக்காட்டி இரண்டு வாரமாகியும் அதே தாளைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

கட்டணம் நியாயம், மின்விசிறிதான் போதாது. படகு, நீரோட்டக் கணக்குகளை ஒரே மணி நேரத்தில் ஓட்டிவிட்டதால், அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு புத்தகம் வாங்க வேண்டியிருந்தது.