சிம்லாவுக்கு மூத்தோரை அழைத்துச் செல்வோர் கவனிக்க: வண்டி எங்கே நிற்கும் என்பதை எழுதி வாங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வட இந்தியச் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவரிடம் பணம் கட்டி, எங்கள் குடும்பத்தாரும் உறவினர்களும் அண்மையில் சிம்லாவுக்குச் சென்று வந்தோம். அவர் விற்றது ஒன்று. எங்களுக்குக் கிடைத்தது வேறொன்று. புகார் கொடுத்திருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால், பள்ளி விடுமுறைக்கு முன்பாக இதே போன்ற துண்டறிக்கைகள் கோயில் மண்டபங்களிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் மீண்டும் வலம் வருவதால், நடந்ததை மற்றவர்கள் அறிய வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்தத் துண்டறிக்கையில் மூன்று வாசகங்கள் தடித்த எழுத்தில் இருந்தன. மால் ரோட்டிலேயே தங்கும் விடுதி என்பது ஒன்று; விமான நிலையத்திலிருந்து விடுதி வாசல்வரை குளிர்சாதன வண்டி என்பது மற்றொன்று; நடை மிகக் குறைவு, ஆகவே மூத்தோருக்கு உகந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க வழியே இல்லை. சிம்லாவின் மால் ரோடும், அதற்கு மேலே கிறிஸ்து தேவாலயம் நிற்கும் ரிட்ஜ் என்ற திறந்தவெளியும் பொது வாகனங்களுக்கு மூடப்பட்ட பகுதிகள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, தனி அனுமதி பெற்ற சில வாகனங்கள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் அங்கே செல்ல முடியாது. சுற்றுலா வண்டிகள் கீழே மலைச்சரிவைச் சுற்றிச் செல்லும் கார்ட் ரோட்டோடு நின்றுவிடும். இது நேற்று வந்த விதியன்று. அந்த ஊருக்கு ஆண்டுதோறும் ஆள் அனுப்பும் ஒருவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

எங்களோடு வந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். பால்மரம் சீவியும், பின்னாளில் செம்பனைக் குலைகளைத் தூக்கிப் போட்டும் தேய்ந்துபோன முழங்கால்கள் அவர்களுடையவை. பெரியப்பாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. அத்தைக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றையெல்லாம் முகவரிடம் சொன்னோம். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, படியே ஏற வேண்டியதில்லை என்று உறுதியளித்தவர் அவர். ஆளுக்கு ஏறத்தாழ 4,000 மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டதும் அந்த உறுதியின் பேரில்தான்.

வண்டி இரவில் கார்ட் ரோட்டின் ஓரத்தில் நின்றது. இதற்கு மேல் போகாது என்று ஓட்டுநர் இந்தியில் சொல்லிவிட்டுப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். உடன் வருவதாகச் சொல்லப்பட்ட தமிழ் பேசும் வழிகாட்டி அங்கே இல்லை. முகவரின் கைப்பேசியும் அணைக்கப்பட்டிருந்தது. கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு ஏறிச்செல்ல, இமாசலப் பிரதேசச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் மின்தூக்கி ஒன்று இருக்கிறது; சிறு கட்டணம் கொடுத்தால் யாரும் அதில் ஏறலாம். எங்களை இறக்கிய இடமோ அதிலிருந்து வெகுவாக விலகியிருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே எங்களிடம் எவரும் சொல்லவில்லை. ஓட்டுநர் ஏற்பாடு செய்த சுமைதூக்குவோர் வந்தார்கள். பெட்டி ஒன்றுக்கு 500 ரூபாய் என்று ஓட்டுநரே விலை சொல்லி, பணத்தையும் அவரே வாங்கிக்கொண்டார். மறுநாள், இந்தி பேசத் தெரிந்த என் மருமகள் அவர்களில் ஒருவரைச் சந்தித்துக் கேட்டபோது, தம் கைக்கு வந்தது 150 ரூபாய் மட்டுமே என்றார். முதுகில் கயிறு கட்டி அவ்வளவு பாரத்தையும் இருட்டில் செங்குத்தாகச் சுமந்து ஏறியவருக்கு அவ்வளவுதான். அவர்மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களைப் போலவே அவரும் ஏமாற்றப்பட்டவர்.

விடுதி மால் ரோட்டில் இருக்கவில்லை. அதற்குக் கீழே, சரிவின் நடுவில், இரு பக்கமும் கட்டடங்கள் நெருக்கும் ஒரு படிக்கட்டுச் சந்தில் இருந்தது. நிலப்படத்தில் பார்த்தால் மால் ரோட்டுக்கும் அதற்கும் 300 மீட்டர்தான். முகவர் பிறகு தம் தரப்பை நியாயப்படுத்தக் காட்டியதும் இந்த அளவைத்தான். செங்குத்தான ஊரில் இப்படிப்பட்ட கணக்கு ஒன்றுக்கும் உதவாது. நிலப்படத்தில் அடுத்தடுத்து இணையாகத் தெரியும் இரண்டு தெருக்கள், உண்மையில் ஒன்றின் தலைமேல் ஒன்றாகப் பல மாடி உயர வேறுபாட்டில் இருக்கும். நம் ஊர்ச் சமதரையில் பெரியப்பா நாள்தோறும் காலையில் நடக்கும் தொலைவைவிட அது குறைவுதான். ஆனால், அன்றிரவு அவர் ஒவ்வொரு படித்திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறினார்.

உயரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிம்லா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் அந்தக் குளிரையும் காற்றையும் மனத்தில் வைத்து இதை எடைபோடுவார்கள். அங்குள்ள தானா ராத்தா நகரம் 1,500 மீட்டரைக்கூட எட்டவில்லை. அங்குள்ள குனோங் பிரிஞ்சாங் சிகரமே 2,031 மீட்டர்தான். அதாவது, அந்தச் சிகரத்தைவிட உயரத்தில் நின்றுகொண்டு படியேற வேண்டியிருக்கிறது. உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் நலமாக உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், தாழ்நிலத்திலிருந்து ஒரே நாளில் அங்கே போய்ச் சேரும் முதியவர்களுக்கு, அதிலும் இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு, முதல் நாள் ஓய்வு தேவை. எங்கள் அட்டவணையில் அந்த ஓய்வே இல்லை. மறுநாள் விடிந்ததும் இன்னும் உயரத்தில் இருக்கும் குஃப்ரி என்ற ஊருக்குக் கிளப்பிவிட்டார்கள். அங்கேயும் வண்டி பாதியில் நின்றது. அதற்கு மேல் குதிரையில்தான் போக வேண்டும், அந்தச் செலவு தனி என்றார்கள். துண்டறிக்கையிலோ குஃப்ரி சுற்றிப்பார்த்தல் உட்பட என்றிருந்தது. சேறும் கல்லுமான அந்தப் பாதையில் குதிரையேற மறுத்த முதியவர்கள் குளிரில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ரயில் பயணமும் இப்படியே கைவிட்டுப் போனது. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903இல் திறக்கப்பட்ட குறுகிய இருப்புப் பாதையில், 96 கிலோமீட்டரும் நூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களும் கடந்து ஏறும் அந்த ரயில் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்காகவே வந்தவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். இருக்கைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்லிச் சாலை வழியாக அழைத்துச் சென்றார்கள். முன்பதிவு செய்திருந்தால் பி.என்.ஆர். எனப்படும் பயணச்சீட்டுப் பதிவு எண் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டபோது எவராலும் காட்ட முடியவில்லை.

என்னை மிகவும் புண்படுத்தியது ஜாக்கு மலையில் நடந்ததுதான். ஏறத்தாழ 2,455 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த அனுமார் கோயிலைக் காண வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. ரிட்ஜுக்கு அருகிலிருந்து அங்கே கம்பிவட ஊர்தி 2017 முதல் ஓடுகிறது. உள்ளூரில் எங்களைக் கவனித்துக்கொள்ள முகவர் அமர்த்தியிருந்த ஆள், ஊர்தி பழுதாகி நின்றுவிட்டது என்று சொல்லி, தமக்குத் தெரிந்த வாடகை வண்டிகளில் எங்களை ஏற்றி, ஆளுக்குத் தனியாகப் பணம் வசூலித்தார். மலையின் வளைவு ஒன்றில் வண்டி திரும்பியபோது, மரங்களுக்கு மேலே ஊர்திப் பெட்டிகள் ஆட்களோடு போய்க்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். சாமி கும்பிடப் போகிற முதியவர்களிடம் இப்படிப் பொய் சொல்லிக் காசு பறிப்பதை நான் மன்னிக்கப் போவதில்லை.

சிம்லா முதியவர்கள் போகக்கூடாத ஊர் அன்று. ஏற்பாடு நேர்மையாக இருந்தால் அவர்களும் நிம்மதியாகச் சுற்றிவரலாம். மால் ரோட்டுக்கு வந்துவிட்டால் அங்கிருந்து ரிட்ஜ் வரை நிதானமாக நடக்க முடியும்; சிரமமெல்லாம் கீழிருந்து மேலே வருவதில்தான் இருக்கிறது. ஆகவே, மின்தூக்கிக்கு அருகிலோ, கார்ட் ரோட்டில் வண்டி வாசலுக்கே வரும் இடத்திலோ உள்ள விடுதியைக் கேளுங்கள். முகவர் விடுதியின் பெயரைச் சொன்னதும் நீங்களே அங்கே தொலைபேசியில் அழைத்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வரவேற்பறைவரை எத்தனை படிகள், பெட்டிகளை யார் தூக்குவார்கள், அதற்கு யார் பணம் கொடுப்பது என்று விசாரியுங்கள். அந்த விவரங்களை முகவரின் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ரசீதில் உரிம எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மலேசியாவின் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டப்படி, இத்தகைய பயணங்களை நடத்துவோர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த ரசீதில் அந்த எண் இல்லை. துண்டறிக்கையில் ஒரு நிறுவனத்தின் பெயரும் ரசீதில் இன்னொன்றும் இருந்தன.

ஊர் திரும்பியபின் முகவரைச் சந்தித்தோம். மலைநாடு என்றால் நடக்கத்தான் வேண்டும் என்றார்; அடுத்த பயணத்தில் சலுகை தருவதாகவும் சொன்னார். சலுகை வேண்டாம், கூடுதலாகப் பறிக்கப்பட்ட பணமும் கிடைக்காத ரயில் பயணத்தின் தொகையும்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை. ஆகவே, திரிபுனால் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கொண்டு செல்லலாம்; மனுக் கட்டணம் 5 வெள்ளி; வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை; சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். துண்டறிக்கை, ரசீது, முகவர் புலனத்தில் அனுப்பிய குரல் பதிவுகள், அங்கே தனியாகக் கட்டிய தொகைகளின் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்ததால் படிவத்தை நிரப்புவது எளிதாக இருந்தது. இதே முகவரிடம் சென்றுவந்து, வயதானவர்களாயிற்றே, போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்ட மற்றக் குழுவினரும், தாள்கள் கைவசம் இருந்தால், காலக்கெடு முடிவதற்குள் தத்தம் மனுக்களைக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.