டயோக்ளீஷியனா, கான்ஸ்டன்டைனா: சரிந்த ரோமை நிமிர்த்தியது யார்?

கி.பி. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் ரோமில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள். பலரைக் கொன்றது அவர்களுடைய சொந்தப் படைகளே. எல்லையில் பாரசீகரும் ஜெர்மானியரும் முட்டிக்கொண்டிருக்க, உள்ளே நாணயம் மதிப்பிழந்து கிடந்தது. 284-ல் அரியணை ஏறிய டயோக்ளீஷியனும், 306-ல் எழுந்த கான்ஸ்டன்டைனும் இந்த ஒரே நோய்க்கு வேறு வேறு வைத்தியம் பார்த்தவர்கள். ஆள் போன பிறகும் தானாக ஓடிய ஏற்பாடு எது என்பதை வைத்தே இருவரையும் எடைபோடுகிறேன்.

நிர்வாகத்தில் டயோக்ளீஷியன்தான் மேல். சுமார் ஐம்பதாக இருந்த மாகாணங்களை ஏறத்தாழ நூறாகப் பிரித்தார்; அவற்றை 12 மண்டலங்களாகத் தொகுத்தார். பல மாகாணங்களில் ஆளுநரிடமிருந்து படைத்தலைமையைப் பிடுங்கித் தனி அதிகாரியிடம் கொடுத்தார். வரிப்பணமும் படையும் ஒரே கையில் இருந்தால் கலகம் செய்வது எளிது. அந்த வழியை அடைத்தார். கான்ஸ்டன்டைன் இதைக் கலைக்கவில்லை. பிரிஃபெக்ட் என்னும் உயர் அதிகாரிகளிடம் மிச்சமிருந்த படை அதிகாரத்தையும் நீக்கி வேலையை முடித்துவைத்தார். வேறு வழியில் போனவர்கூட மாற்றத் துணியாத ஏற்பாடு என்பதே அதன் வலிமைக்குச் சான்று.

பணத்தில் நிலைமை தலைகீழ். வெள்ளி நாணயத்தில் வெள்ளி குறைந்துகொண்டே போனதுதான் விலையேற்றத்தின் வேர். டயோக்ளீஷியன் புதிய நாணயங்களை அடித்துப் பார்த்தார், விலை அடங்கவில்லை. 301-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு விதித்து, மீறினால் மரண தண்டனை என்றார். சரக்கு சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது என்று அக்கால எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதுகிறார். அவர் டயோக்ளீஷியனை வெறுத்த கிறிஸ்தவர், கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த ஆணை நிலைக்கவில்லை என்பது உண்மை. கான்ஸ்டன்டைன் விலையைத் தொடவில்லை, நாணயத்தைத் தொட்டார். ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்தில் 72 என்ற கணக்கில், சுமார் நாலரை கிராம் எடையில் சொலிடஸ் என்ற தங்க நாணயத்தை வெளியிட்டார். கோயில் செல்வங்களைப் பறிமுதல் செய்ததும் அதற்குத் தங்கம் தந்தது. அந்த நாணயம் ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள் தரம் குறையாமல் புழங்கியது. இவ்வளவு நீடித்த சீர்திருத்தம் உலகச் சரித்திரத்திலேயே அபூர்வம். ஆனால் தங்கம் போய்ச் சேர்ந்தது படைக்கும் அதிகாரிகளுக்கும் செல்வந்தர்களுக்கும்தான். எளியவர் கையில் இருந்த செப்புக் காசு தொடர்ந்து மதிப்பிழந்தது. இதைச் சொல்லாமல் சொலிடஸைப் புகழ்வது நியாயமில்லை.

மதத்தில் சுருக்கமாகச் சொன்னால், டயோக்ளீஷியன் 303-ல் தொடங்கிய கிறிஸ்தவ அடக்குமுறையை அவர் துணைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த கலேரியஸே 311-ல் கைவிட்டார். கான்ஸ்டன்டைன் திருச்சபையை அரசின் துணையாக்கினார்.

வாரிசு விஷயத்தில் இருவருமே தோற்றார்கள். டயோக்ளீஷியனின் நால்வர் ஆட்சி அழகான திட்டம்: இரண்டு மூத்த பேரரசர்கள், இரண்டு இளையவர்கள், மூத்தவர் விலகினால் இளையவர் உயர்வார். 305-ல் தானே பதவி விலகி வழிகாட்டினார். ஆனால் புதிய இளையவர்களைத் தேர்ந்தபோது பேரரசர்களின் மகன்கள் ஒதுக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டனின் யார்க்கில் இருந்த படை, இறந்த மூத்த பேரரசர் கான்ஸ்டான்டியஸின் மகன் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக அறிவித்தது. அந்தத் திட்டத்தைத் தாங்கியிருந்தது டயோக்ளீஷியன் என்ற ஒரு மனிதரின் அதட்டல் மட்டுமே. கான்ஸ்டன்டைன் ரத்த உறவை நம்பினார். மூத்த மகன் கிரிஸ்பஸை அவரே 326-ல் கொல்ல உத்தரவிட்டார். 337-ல் அவர் இறந்ததும் உறவினர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய மூன்று மகன்களில் ஒருவர் 340-ல் தம்பியோடு மோதி மாண்டார்.

ஆக, நிர்வாகத்துக்கு டயோக்ளீஷியன், நாணயத்துக்கும் 330-ல் திறந்த புதிய தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்கும் (இன்றைய இஸ்தான்புல்) கான்ஸ்டன்டைன். இருவரில் ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் டயோக்ளீஷியனைச் சொல்வேன். அவர் போட்ட சட்டகம் இல்லாமல் மற்றவருக்கு ஆள ஒரு பேரரசே மிஞ்சியிருக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. டயோக்ளீஷியனின் வரிக் கணக்கெடுப்பு உழவரை நிலத்தோடு சேர்த்துப் பதிவு செய்தது. கான்ஸ்டன்டைனின் 332-ஆம் ஆண்டுச் சட்டம், தப்பியோட நினைக்கும் குத்தகை உழவரை அடிமைகளைப்போல விலங்கிடலாம் என்றது.